நடு மைக்கில் தொங்கிய ஜாக்கெற்

இயேசு மரி சூசை துணை
கொட்டாஞ்சேனை, கொழும்பு
18.02.2007

அன்புத் தங்கச்சி அகஸ்ரீனாவுக்கு,

அண்ணா பிறின்ஸ் எழுதுவது. மாதாவின் கிருபையால் நானும் உன் அண்ணி விமலாவும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் முழங்கால் நோ எப்படி? மச்சான் இராஜநாயகம் இன்னும் இரண்டு வீட்டில் வேலை செய்து உடம்பைக் கெடுக்கிறாரா?

மச்சான் அனுப்பிய அழைப்பு வந்தது. வாசித்தவுடன் எனக்குத் தலைகால் புரியவில்லை. பலெர்மோத் தமிழர் எல்லாரும் சேர்ந்து எங்கள் ‘அயன் வள்ளம்’ குழுவைக் கூப்பிடுகிறார்களாமே! புரட்டாதியில் சாந்தா ரொசாலியா கோயில் மலைக்கு நடந்து போய்வந்த அடுத்த ஞாயிறு கச்சேரியாம்.

யோசித்துப் பார். எண்பத்தேழில் நாலு பொடியன்கள், எனக்கு ஒரு இரவல் ட்ரம். இரும்பில் வள்ளம் செய்தால் தாண்டு போகுமடா என்று பெரிய சுவாமி சிரித்தார். நாங்கள் கேட்டோமா? தோள்வரை முடி, கறுப்பு ரெக்சின் ஜாக்கெற், முதுகில் வெள்ளை வள்ளம். நாலு ஜாக்கெற்றையும் தைத்தது விமலா. அப்போது அவள் எங்கள் பாட்டுக்காரன் கிறிகோரிக்குப் பேசிவைத்த பெண், பிறகு அவன் பெண்சாதி. நத்தார் கரோலுக்குக் கிறிகோரியின் எலெக்ரிக் கிற்றாரைக் கொண்டுபோய்க் கோயிலாலே துரத்தப்பட்டோம். கிறிகோரி உச்சத்தில் கத்தினால் தெரு நாய்களும் கூடக் கத்தும். நீர்கொழும்பு ஹோட்டலில் வெள்ளைக்காரர் மேசையில் ஏறி ஆடினார்கள். எண்பத்தொன்பதில் கசெற்.

அதற்குப் பிறகு இறக்கம்தான். பேஸ் வாசித்தவன் கனடாவுக்குப் போனான். சோதனைச் சாவடியில் ஆமி எங்கள் முடியை வெட்ட வைத்தது. கசெற் கடையில் தூசி பிடித்தது. தொண்ணூற்றாறு மார்கழியில் கிறிகோரி இத்தாலிக்கு வந்த கப்பல் கவிழ்ந்தது. அவன் செத்த பிறகுதான் சனம் எங்களைத் தேடிவந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

ஆண்டுதோறும் நினைவுக் கச்சேரியில் செய்கிறபடியே அங்கும் செய்வோம். நடு மைக்கில் ஆள் நிற்காது, என் ஜாக்கெற்றைத் தொங்கவிடுவோம். கடைசிப் பாட்டில் அவனுடைய வரி வரும்போது எல்லா வாத்தியமும் நிற்கும். ‘விளக்கை நூர்க்காதே, கரைக்கு வாறன்.’ அதைச் சனம்தான் பாடும். அழாத ஆள் கிடையாது.

வருகிற மார்கழியில் பிள்ளை தர்சனாவுக்கு முதல் நன்மை, முதல் முறை நற்கருணை வாங்கப்போகிறாள். வெள்ளைச் சட்டைக்கு அங்கிருந்து நல்ல லேஸ் பார்த்து வை.

உன் அண்ணா
பிறின்ஸ்

*

அல்பெர்கேரியா, பலெர்மோ
11.03.2007

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு நானும் இவரும் துள்ளிக் குதித்தோம். என் முழங்காலும் துள்ளியது, பிறகு இரண்டு நாள் நொண்டியது. மற்றபடி சுகம். உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறேன்.

இவருக்கு இப்போது கால் நிலத்தில் இல்லை. தான்தான் மந்திரி என்ற நினைப்பு. கோயில் பள்ளிக்கூட முற்றத்தைக் கேட்டு வாங்கிவிட்டார். நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞோராவுக்கு உங்கள் கசெற்றைப் போட்டுக் காட்டினேன். அவ காதைப் பொத்திக்கொண்டு, “இந்த ஆளுக்கு எங்கே நோகிறது?” என்று கேட்டா. கிறிகோரி அண்ணாவின் குரல் அப்படி.

அவருக்காக எங்கள் கோயிலிலும் ஒரு பூசைக்குக் கொடுத்திருக்கிறேன். அண்ணிக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்
அகஸ்ரீனா

*

பலெர்மோ
30.03.2007

அண்ணா,

சுகம் கேட்டு எழுதக் கை வரவில்லை, மன்னியுங்கள். ரெலிபோனில் சொல்லலாம் என்றால் உங்கள் ரெலிபோன் முன் அறையில் இருக்கிறது, எல்லாரும் சுற்றி நிற்பீர்கள். இதை நீங்கள் தனியாக வாசிக்க வேண்டும்.

நேற்று வியாழன், எனக்கு அரைநாள் லீவு. உயிர்த்த ஞாயிறு பாஸ்குவாவுக்குச் சாமான் வாங்கக் கபோ சந்தைக்குப் போனேன். மீன் கடையில் ஒரு ஆள் சிசிலிக்காரரின் பாஷையில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. பழைய மீனை மேலே ஐஸ் போட்டு மறைத்திருக்கிறான் என்று சத்தம். குரல் ஏறி ஏறி உச்சத்துக்குப் போனது. அண்ணா, அந்த உச்சம் எனக்குத் தெரியும். பதினாறு வயதில் எங்கள் வீட்டுப் பின் அறையில் நீங்கள் நாலு பேரும் பழகும்போது நான் காதைப் பொத்தியது அந்த உச்சத்துக்குத்தான்.

திரும்பினேன். சக்கர நாற்காலியில் ஒரு இத்தாலிக் கிழவர். பின்னால் அதைப் பிடித்தபடி கிறிகோரி அண்ணா.

பை விழுந்து தோடம்பழம் எல்லாம் உருண்டது. அவர் குனிந்து ஒன்றை எடுத்துத் தந்தார், முகத்தைப் பார்த்தார், உறைந்துபோனார்.

“ஆர்? அகஸ்ரீயே?”

நான் தோடம்பழத்தை வாங்கிக்கொண்டு தலையாட்டினேன்.

“நான் செத்திட்டன் எண்டு உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?” என்று கேட்டார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்படியே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சனத்துக்குள் போய்விட்டார்.

இவருக்கு நான் சொல்லவில்லை. அண்ணா, அண்ணியை நினைக்கிறேன். உங்களை நினைக்கிறேன். பிள்ளையை நினைக்கிறேன். நான் என்ன செய்யட்டும்?

அகஸ்ரீனா

*

கொட்டாஞ்சேனை
24.04.2007

தங்கச்சிக்கு,

இங்கே சுகம். உன் சுகம் எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.

உனக்கு என்ன பிடித்தது? இத்தாலியில் தமிழ் முகம் என்ன ஒன்றா இரண்டா? கரையேறித் தப்பியவர்கள் இரண்டு பேர் கொழும்புக்கு ரெலிபோன் எடுத்து, என் காது கேட்கச் சொன்னார்கள்: முதுகில் வெள்ளை வள்ளம் போட்ட ஜாக்கெற்காரர் எங்கள் கண் முன்னால் தாண்டுபோனார் என்று. அந்த ஜாக்கெற் உலகத்தில் நாலுதான். மற்ற மூன்றும் எங்கே என்று எனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் சுவாமி செத்த பூசை வைத்தார். அதை வைத்துத்தான் மேற்றிராணியார் ஆண்டகையின் கந்தோரில் விமலாவை விதவை என்று எழுதி அனுமதி தந்து, அதே பீடத்தில் எனக்கும் அவளுக்கும் கலியாணம் நடந்தது. எல்லாரும் சேர்ந்து கனவா கண்டோம்?

இனி இந்தக் கதையை ஒருவரிடமும் கதைக்காதே. விமலாதான் தபால்காரனிடம் கடிதத்தை வாங்கி என் கையில் தந்தாள். என்ன புதினம் என்று கேட்டாள். தோடம்பழம் விலை ஏறிவிட்டதாம் என்றேன். உன் உறை ஒட்டு விட்டு வந்திருந்தது. இந்த நாளில் தமிழருக்கு வருகிற கடிதத்தையெல்லாம் உடைத்துப் பார்க்கிறார்கள். நல்ல பசை போட்டு ஒட்டு.

விசாவுக்குக் கொடுத்தாயிற்று. கச்சேரி நடக்கும்.

பிறின்ஸ்

*

பலெர்மோ
20.05.2007

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று இந்த முறை உண்மையாகவே மன்றாடிவிட்டு எழுதுகிறேன்.

என் கண்ணில் பிழை இல்லை. போன வியாழன் மீன் கடைக்காரனிடம் விசாரித்து, போர்கோ வெக்கியோவில் அவர் வேலை செய்யும் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். அந்தக் கிழவரைப் பராமரித்துக்கொண்டு அங்கேயே தங்கியிருக்கிறார். ‘ஜீனோ’ என்று கூப்பிடுகிறார்கள். முடி கொட்டிவிட்டது, தாடி, நல்ல வயிறு. பழைய ஜாக்கெற் இப்போது விலாவிலேயே நின்றுவிடும். கிழவர் சூப் குடித்து முடியும்வரை வாசலில் நின்றேன். பிறகு சொன்னார்.

“கப்பல் ஏறுற அண்டைக்கு எனக்கு நெருப்புக் காய்ச்சல் அகஸ்ரீ. ஏஜென்சிக்காரன் என்னை எகிப்திலை விட்டிட்டான். கூட இருந்தவன் ஒருத்தன் குளிரிலை நடுங்கினான். ஜாக்கெற்றைக் கழட்டி அவனுக்குக் குடுத்தனான். அவன்தான் போனான்.”

தப்பியவர்களுக்கு யாருடைய பெயரும் தெரியாது, முதுகில் இருந்த வள்ளம்தான் தெரியும். இவரை எகிப்தில் பிடித்து ஒரு வருசத்துக்கு மேல் மறியலில் போட்டார்கள். வெளியே வந்ததும் ரெலிபோன் எடுத்திருக்கிறார். கசெற் உறையில் இருந்த கடை நம்பர்தான் பாடமாம்.

“அயன் வள்ளம் கசெற் இருக்கோ எண்டு கேட்டன். ஏன் அப்பிடிக் கேட்டன் எண்டு தெரியாது, வேறை கதை வாயிலை வரேல்லை. இருக்கு, பாடினவர் செத்தாப்பிறகு நல்லா ஓடுது எண்டான். அவரின்ரை பெண்சாதி எப்பிடி எண்டன். போன கிழமைதான் ட்ரம்ஸ் அடிக்கிறவர் கட்டினவர், தங்கமான மனிசன் எண்டான். ரெலிபோனை வைச்சிட்டன். பிறகு இன்னொரு கப்பலிலை இஞ்சை வந்து சேந்தன்.”

போன கிழமை, அண்ணா. ஒரு கிழமை முந்தி எடுத்திருந்தால்! நான் படியில் இருந்துவிட்டேன்.

ஏன் பிறகாவது சொல்லவில்லை என்று கேட்டேன். “செத்த கிறிகோரிதான் நல்ல பாட்டுக்காரன். உயிரோடை இருந்தவனை ஆர் தேடினது?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, “வள்ளம் இன்னும் ஓடுதோ?” என்று கேட்டார். நீங்கள் வருவதைச் சொன்னேன். கிழவரின் கோப்பையை எடுத்துக் கழுவினார்.

எனக்கு உங்கள் பதில் வேண்டும்.

அகஸ்ரீனா

*

கொட்டாஞ்சேனை
02.08.2007

தங்கச்சிக்கு,

சுகம். பதில் பிந்தியதற்கு விசா அலைச்சல்தான் காரணம். கிடைத்துவிட்டது. மச்சானுக்குச் சொல்: ட்ரம் செற் அங்கே எடுக்க வேண்டும், டபுள் பேஸ் பெடல் கட்டாயம். கிற்றார் அம்ப் இரண்டு. மைக் ஸ்ராண்ட் நாலு.

கடிதத்தை இங்கேயே முடிக்கலாம் என்று பார்த்தேன், மனம் விடவில்லை.

வேறு யாருடையவோ கதைபோலச் சுவாமியிடம் சாடையாகக் கேட்டேன். முதல் புருசன் உயிரோடு இருக்கிறான் என்று தெரியவந்தால், இரண்டாவது கலியாணம் கோயிலின் கண்ணில் கலியாணமே இல்லையாம். “ஒருத்தரிலையும் குற்றமில்லை மகன், ஆனா அது கலியாணமில்லை” என்றார். நான் சைக்கிளை எடுக்க மறந்து நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

ஒன்பது வருசம் ஒரு வீட்டில் இருந்த பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது? அவள் முதல் அவனைத்தான் விரும்பினாள். சொன்னால் போய்விடுவாள். எனக்கு அந்தப் பயம்தான், வேறு பெரிய நியாயம் ஒன்றும் இல்லை. அவளுக்குச் சித்திரை தொடக்கம் வயிற்று நோ வேறு. பூசைக்கு வந்தாலும் கடைசி வாங்கில் இருக்கிறாள்.

அவனிடம் போய்ச் சொல். கச்சேரிக்கு அவன் வரக்கூடாது.

உன் உறை இந்த முறையும் ஒட்டு விட்டுத்தான் வந்தது. இத்தாலிப் பசைக்கு என்ன வருத்தம்?

பிறின்ஸ்

*

பலெர்மோ
20.08.2007

அண்ணாவுக்கு,

இவர் சுகம். நான் சுகம் என்று எழுதினால் பொய்.

சொன்னேன். ‘உங்களுடைய நினைவுக் கச்சேரிக்கு நீங்கள் வரக்கூடாதாம்.’ இப்படி ஒரு வசனத்தை உலகத்தில் யாரும் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்ல உங்களுக்கு ஒரு தங்கச்சி கிடைத்தாள். அவர் “ஓம்” என்றார், அவ்வளவுதான். நான் வெளியே வந்து தெருவில் நின்று அழுதேன். ஒரு சிஞோரா வந்து வதிவிடப் பெர்மெசோ புதுப்பிக்கவில்லையா, குவெஸ்துராப் பொலிசில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டா. எங்களுக்கு வேறு துக்கம் இருக்கும் என்று இவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

வாருங்கள். நாலு மைக் ஸ்ராண்ட் வைத்திருக்கிறது. லேஸும் வாங்கிவிட்டேன்.

அகஸ்ரீனா

*

பலெர்மோ
30.09.2007

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்ததாக இவருக்கு மட்டும் ரெலிபோன் எடுத்தீர்களாம். என்னோடு கதைக்கவில்லை. விமான நிலையத்திலும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சரி, நானே கேட்கிறேன்.

அவர் வந்தது உங்களுக்குத் தெரியுமா?

கிழவரையும் தள்ளிக்கொண்டு வந்து பின் மதிலோடு நின்றார். உங்கள் ட்ரம்ஸ் தொடங்கியதும் கிழவர் துள்ளித் துள்ளிச் சிரித்தார். கிறிகோரி அண்ணா அசையவில்லை. கடைசிப் பாட்டில் நீங்கள் அடியை நிறுத்தினீர்கள். முற்றம் முழுக்க ‘விளக்கை நூர்க்காதே’ என்று பாடியது. அப்போது அவர் உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார், அண்ணா. இறுக்கி, இரண்டு கையாலும். குரல் தப்பி வெளியே வந்துவிடும் என்ற பயம்.

போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மேடையடியில் வைத்திருந்த கிறிகோரி அண்ணாவின் படத்துக்கு எல்லாரும் மெழுகுதிரி கொளுத்த வரிசையில் நின்றபோது அவரும் நின்றார். தன் படத்துக்கு முன்னால் தானே திரி கொளுத்தினார். பக்கத்தில் நின்று எல்லாருக்கும் கை கொடுத்த நீங்கள் அவருக்கும் கை கொடுத்தீர்கள். “நன்றி, ஆண்டவர் ஆசீர்வதிப்பார்” என்றீர்கள். மற்றவர்களுக்குச் சொன்ன அதே வசனம். பிறகு அடுத்த ஆளின் கையைப் பிடித்தீர்கள்.

உங்களுக்கு அடையாளம் தெரியவில்லையா? தெரிந்தும் சொன்னீர்களா? எது நல்லது என்று எனக்கே தெரியவில்லை.

இன்னொன்று. மைக்கில் தொங்கவிட்ட ஜாக்கெற்றை இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். மடித்து வைக்கும்போது பார்த்தேன், இரண்டு விலாவிலும் புதிதாகக் கறுப்புத் துணி வைத்து அகலமாக்கித் தைத்திருக்கிறது. நீங்களோ முருங்கைக்காய். யாருக்கு இந்த அகலம்?

அகஸ்ரீனா

*

இயேசு மரி சூசை துணை
கொட்டாஞ்சேனை
14.12.2007

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லாரும் உடம்பால் சுகம். உனக்கும் மச்சானுக்கும் நத்தார் வாழ்த்து. இவ்வளவு நாள் எழுதாததற்கு நீ என்னை ஏசலாம்.

முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை. தாடி, தொப்பி, யாரோ பெரியவர் என்று நினைத்தேன். அவன் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தான். இடது கை விரல் நுனிகள் என் புறங்கையில் பட்டன. நாலும் காய்த்து, கல்லாக இருந்தன. கிற்றார்க் கம்பி அழுத்துகிற கை. செத்துப் பதினொரு வருசமானவனுக்கு அந்தக் காய்ப்பு எப்படி இருக்கும்? எங்கேயோ அந்த வீட்டுக்குள் அவன் இன்னும் வாசிக்கிறான். பின்னால் வரிசை, மச்சானின் வீடியோ. ‘நன்றி’ என்ற ஒன்றுதான் வாயில் வந்தது. அவனும் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினான். அவ்வளவுதான் தங்கச்சி. இருபது வருசத்துக்கு அவ்வளவுதான்.

இனி மற்றது.

எட்டாம் திகதி தர்சனாவின் முதல் நன்மை. நீ தந்த லேஸில் பிள்ளை தேவதை போல இருந்தது. தாயும் தகப்பனும் பிள்ளையை நடுவில் விட்டுக் கூட்டிப்போய் மூவரும் சேர்ந்து நற்கருணை வாங்குவதுதான் எங்கள் கோயில் வழக்கம். பெயர் கூப்பிட்டார்கள். நான் எழும்பினேன். விமலா எழும்பவில்லை. பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்தது. சுவாமி காத்துக்கொண்டு நின்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள், போங்கள் என்று.

நடந்து போகும்போதுதான் எனக்கு விளங்கியது. வயிற்று நோ என்று கடைசி வாங்கில் இருக்கத் தொடங்கியது கிறிகோரியைக் கண்டதாக நீ எழுதிய கடிதம் வந்த கிழமை. அந்தக் கிழமையிலிருந்து அவள் நன்மை வாங்கவில்லை. நான்தான் ஞாயிறு தவறாமல் வெட்கமில்லாமல் வாயைத் திறந்துகொண்டு போனேன்.

வந்த சனம் கேக் சாப்பிட்டுப் போன பிறகு குசினியில் கேட்டேன். அவள் கோப்பை கழுவிக்கொண்டே சொன்னாள்.

“உறையை ஆமி உடைக்கேல்லை. கேத்தில் ஆவியிலை நான்தான் பிரிச்சனான். விலாசத்திலை அகஸ்ரீயின்ரை கையெழுத்து நடுங்கியிருந்தது. அவளுக்கு ஏதோ வருத்தமாக்கும் எண்டு பயந்திட்டன்.”

“அப்ப எல்லாம் தெரியுமோ?”

“ஓம்.”

“ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?”

“நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். நான் போயிடுவன் எண்டு பயந்தனீங்கள் என்ன? பிள்ளையையும் உங்களையும் விட்டிட்டு நான் எங்கை போறது? எங்கையும் போகேல்லை. ஆனா பீடத்துக்கு முன்னாலை போய் நிக்க மாட்டன். தெரிஞ்சுகொண்டு அந்தப் பொய் என்னாலை ஏலாது.”

நான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன் தங்கச்சி. அவனுடைய நினைவுக் கச்சேரிக்கு என் சேர்ட்டை மினுக்கித் தந்ததும் அவள்தான். ஜாக்கெற்றைப் பெட்டியில் வைத்ததும் அவள்தான்.

யாருக்கு அந்த அகலம் என்று கேட்டாயே. பழைய ஜாக்கெற் அவன் விலாவில் நின்றுவிடும் என்று வைகாசியில் எழுதினது நீ. அதை வாசித்துவிட்டுத்தான் தையலைப் பிரித்துத் துணி வைத்திருக்கிறாள். அதைத்தான் நான் கடல் தாண்டிச் சுமந்துவந்து, நடு மைக்கில் தொங்கவிட்டு, அவனுக்கு முன்னால் ட்ரம்ஸ் அடித்தேன்.

உன் கேள்வியை அவளிடம் வாசித்துக் காட்டினேன். “இப்ப அங்கை குளிர் தொடங்கியிருக்கும். அவரிட்டைக் குடுக்கச் சொல்லி எழுதுங்கோ, அளவு சரியா வரும்” என்றாள். பிறகு பிள்ளையின் வெள்ளைச் சட்டையை மடிக்கப் போய்விட்டாள்.

கொடுத்துவிடு. இனி எங்களுக்கு அது தேவையில்லை.

உன் அண்ணா
பிறின்ஸ்